ஏழாம் கேள்விக்குப் பதில்

பிப்ரவரி 4, 2061

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், வாயைத் திறந்து சொல்லத்தான் மாட்டாய். போனை எடுக்காத ஜென்மம் உலகத்திலேயே நீ ஒருவன்தான். என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய்.

விஷயம் இதுதான். நாற்பது வயதில் எனக்கு வயிற்றில் பிள்ளை. பதினோரு வாரம், பையனாம். உன் மாமா தலைகால் புரியாமல் ஆடுகிறார். ஆனால் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா, அப்பாவுக்கும் உனக்கும் இருக்கிற திக்குவாய் இவனுக்கும் வரும் என்கிறாள். ஒரே ஊசியில் மரபணுவைத் திருத்திவிடலாமாம். பதினாலு வாரம் தாண்டக் கூடாது. அந்தக் குறை உள்ள நெருங்கிய சொந்தம் ஒருவர் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா இல்லை, மிச்சம் நீதான். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பதே கேள்வி. இழுத்தடிக்காதே.

அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளை என்றதும் துள்ளிக் குதித்தேன். அடுத்த வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மனிதரைப் போலவே இருக்கும் இயந்திரங்களுக்கு நான் பேச்சுப் பழக்குகிறேன். கடகடவென்று பேசினால் ஜனங்கள் மிரளுகிறார்கள். அதனால் நடுவில் நிற்க, திணற, ‘அது வந்து…’ என்று இழுக்கக் கற்றுத்தருகிறோம். எல்லாம் என் வாயைப் பார்த்துப் படித்தவை. கம்பெனிக்கு வேண்டிய திக்கல் என் மருமகனுக்கு மட்டும் ஆகாதா? நான் என்ன குறைந்து போய்விட்டேன்?

கையெழுத்துப் போட மாட்டேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

பிப்ரவரி 16

தம்பிக்கு,

உன்னோடு மாரடிக்க என் உடம்பில் தெம்பில்லை. பொம்மை திக்கினால் ரசிப்பார்கள். பிள்ளை திக்கினால்? இன்டர்வியூவில் உன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த மேனேஜர் மூன்று முறை கடிகாரம் பார்த்தான் என்று என் மடியில் படுத்து அழுதது யார்? நானா?

போதாக்குறைக்கு ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் உங்கள் இயந்திரம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. போகும்போதெல்லாம் “ப… படிவம் வந்துச்சாம்மா?” என்கிறது. நேற்று, “சீக்கிரம் சொல்லித் தொலையேன்!” என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, புரிகிறதா?

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

சரி, ஜெயித்துவிட்டாய். நிரப்பிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பொய் எழுதினால் செல்லாது என்று கீழே அச்சடித்திருக்கிறது. அதனால் ஏழாம் கேள்விக்கு உண்மையையே எழுதினேன். ‘இக்குறையால் உங்களை அதிகம் நோகடித்தவர் யார்?’ அக்கா.

பள்ளிக்கூடத்தில் சிரித்தவர்களை மறந்துவிட்டேன். அந்த மேனேஜரையும் மறந்துவிட்டேன். நீ ஒரு நாளும் சிரித்ததில்லை. ஆனால் முப்பது வருஷமாக என்னை ஒரு பேச்சையும் முடிக்க விட்டதில்லை. அப்பாவின் கடைசி நாளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு “அப்பா, நா… நா…” என்றேன். “நான் பாத்துக்கறேன்னு சொல்றான்ப்பா” என்று நீ முடித்துவைத்தாய். அவரும் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன், அக்கா.

தம்பி

பிப்ரவரி 25

தம்பி,

உன் கடிதம் வந்தது. உனக்கு உதவி என்றுதான் நினைத்தேனடா. சத்தியமாக.

ஊசி போட்டாகிவிட்டது. திட்டுவதென்றால் திட்டு. வேண்டாம் என்று சொல்லத்தான் நேற்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கவுன்ட்டரில் அந்த இயந்திரம் “ப… படி…” என்று ஆரம்பித்தது. “படிவம்தானே, இந்தா பிடி” என்று நீட்டிவிட்டேன். உன் கடிதம் கைப்பையில் இருக்கிறது, அப்போதும் இப்படி! அது ஒரு இயந்திரம், அது பேசி முடித்தால் எனக்கென்ன கொள்ளை போகிறது? ஒரு நொடி பொறுக்க முடியவில்லை என்னால்.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மா கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனேன். இனி நீ எழுதுவாயோ மாட்டாயோ, தெரியவில்லை. உன்னைப் போல ஒருவன் பிறந்தால் அவனையும் நான் பேசவிட மாட்டேன். என்னிடமிருந்து அவனைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா