சுவர் தாண்டிய கறுப்பு வயர்

8.6.86 ஞாயிறு

இன்றைக்கும் முட்டை இல்லை. கூண்டில் செவலைக் கோழி மட்டும் தாசில்தார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. என் சம்சாரம் செல்வமேரி கூண்டைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். பூசைக்கு நேரமாச்சு என்று நான் செருப்பைத் தேடினேன்.

எல்லாம் ஒரு ஆம்லெட்டால் வந்தது. போன மாதம் பக்கத்து வீட்டு நல்லுசாமி வீட்டிலிருந்து வாசனை வந்த அன்றைக்கு இவள் சும்மா இல்லாமல் சுவரிடம் சொன்னாள்: "முட்டைக்குக் கால் முளைச்சுச் சுவர் ஏறுது போல." சுவர் பதில் சொல்லவில்லை. நல்லுசாமியின் சம்சாரம் ராக்கம்மாள் சொன்னாள். அதை எழுத வேண்டாம். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வாசலை நம் வீட்டில் யாரும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு.

டிவி இருப்பது அந்த வாசலுக்குள். வெள்ளிக்கிழமைப் பாட்டுப் போச்சு, ஞாயிறு சினிமா போச்சு. அதுகூடப் பரவாயில்லை. செய்தி வாசிக்கிற அம்மா காதில் கிடப்பது வைரமா கல்லா என்று நானும் நல்லுசாமியும் சண்டை போடுவோமே, அதுவும் போச்சே? இதற்காக அழ முடியுமா? ஆம்பளை.

11.6.86 புதன்

மச்சினன் தைரியராஜ் துபாயிலிருந்து வந்திருக்கிறான். அக்காவுக்குச் சேலை. எனக்கு ஒரு கேமரா, அதை டிவியோடு சேர்க்கிற குட்டிப் பெட்டியோடு. இவன் வேலை பார்த்த கடையில் கூரையில் மாட்டி, வருகிறவன் போகிறவனை வேவு பார்த்ததாம். புதுசு வந்ததும் பழசை இவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"வயர் எங்கேப்பா?"

"அது சுவத்துக்குள்ள போயிருச்சு அத்தான். வயரைப் பிடுங்கினா கடை வந்துரும்."

"பிலிம் எங்க போடுறது?" இது செல்வமேரி.

"பிலிமே வேணாங்க்கா. கோழிக் கூண்டைப் பார்க்க வச்சிட்டா, திருடறவ மூஞ்சி நேரா டிவியில தெரியும்."

திருடறவ என்றான். திருடறவன் என்று சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் ஏற்கெனவே பேசிவிட்டார்கள்.

டிவி என்றதும் எல்லோரும் சுவரைப் பார்த்தோம். துப்பறிய வேண்டியது அந்த வீட்டை. துப்பறியும் பெட்டி இருப்பதும் அந்த வீட்டில்.

13.6.86 வெள்ளி

அந்தோணியார் திருநாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். செல்வமேரி முட்டைக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் நல்லுசாமிக்காக ஒன்று ஏற்றினேன். இவளிடம் சொல்லவில்லை.

15.6.86 ஞாயிறு

பாலக்கரை சலூனில் நல்லுசாமியைப் பிடித்தேன். முகமெல்லாம் சோப்பு நுரை, ஓட முடியாது. கீரிப்பிள்ளையைப் பிடிக்கக் கேமரா வைக்கிறோம், உங்கள் டிவி வேண்டும் என்றேன்.

"எந்தக் கீரி அமிர்தசாமி? ராக்கம்மாங்கிற கீரியா?"

நுரைக்குள் சிரித்தானா, முறைத்தானா, தெரியவில்லை. சாயங்காலம் சுவர் மேல் அவன் தலை தெரிந்தது. "தாராளமா வைக்கச் சொல்றா. பொட்டிக்கு முன்னாடி தானே உக்காந்து காவல் பார்க்கிறாளாம். ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சா உன் சம்சாரம் எங்க வாசல்ல வந்து சொல்லணுமாம்."

செல்வமேரி வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூடச் சாமியாரிடம் வாதாடித்தான் வருவாள். அவள் சொன்னது சரியென்றால் சிநேகம் போச்சு. தப்பென்றாலும் போச்சு. நான் எதற்கு இதில் வயர் இழுக்கிறேன்?

18.6.86 புதன்

அரியமங்கலம் பட்டறையில் நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் கீப்பருக்கு வயர் தெரியாதா என்று ஒரு மிதப்பு. கேமராவைக் கூண்டுக்கு நேராக மாட்டி, காலிங்பெல் வயரைக் கேமராப் பெட்டியிலிருந்து சுவர் தாண்டி இழுத்து டிவிக்குப் பின்னால் சொருகினேன். நல்லுசாமி அங்கிருந்து கத்தினான்:

"கொடைக்கானல் தெரியுதுப்பா! ஒரே பனி!"

21.6.86 சனி

சிங்காரத்தோப்புக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். பாய் யோசித்துவிட்டு, "கோழிக்கா அண்ணே?" என்று ரெண்டு தடவை கேட்டார். பிறகு டிவி வயர் கொடுத்தார். உருண்டையாக, கறுப்பாக, சாரைப் பாம்பு மாதிரி. முனையில் மாட்ட ரெண்டு பின்னும் கொடுத்தார்.

நல்ல கம்பெனிச் சரக்கு. கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே செம்பு இழையில் பின்னின வலை, அதற்குள் வெள்ளைக் குழாய், அதற்குள் ஒத்தைக் கம்பி. கம்பி அடிபடாமல் எவ்வளவு பத்திரமாகச் சுற்றி அனுப்புகிறார்கள்! ரெண்டு முனையிலும் முழ நீளத்துக்கு வலையை உருவிப் போட்டுவிட்டுக் கம்பியை மட்டும் பின்னில் மாட்டினேன். ஒரு பின் கேமராப் பெட்டியில் ஏறவே மாட்டேன் என்றது. சுத்தியால் லேசாகத் தட்டினேன். லேசாகத்தான்.

கொடைக்கானலும் போச்சு.

22.6.86 ஞாயிறு

உருவின வலையால் செல்வமேரி மீன்சட்டி தேய்க்கிறாள். "நாலு வருஷக் கரி போயிருச்சுங்க. கேமரா வந்ததுக்கு இதுதான் பிரயோசனம்." சட்டியில் முகம் தெரிகிறது. டிவியில்தான் தெரியவில்லை.

28.6.86 சனி

ஸ்ரீரங்கத்தில் டிவி ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார் என்று ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிப் போனேன். ராயகோபுரத்துக்குச் சாரம் கட்டி வேலை நடக்கிறது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு மாட்டின் மேல் மோதினேன்.

சித்திரை வீதியில் கடை. பளிச்சென்று நாமம். வயர் முனையைக் கையில் எடுத்தவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த வலை எங்கே ஓய்?"

"சட்டி தேய்க்கறாங்க."

"அதுதானே ஓய் பாதி வயர்! நடுக் கம்பி போற வழின்னா, வலை திரும்பி வர்ற வழி. வழி இல்லேன்னா படம் எங்கேர்ந்து வரும்?"

பிறகு பின்களைப் பார்த்தார். "சரிதான். ரெண்டும் ஆண். குச்சி நீட்டிண்டிருந்தா ஆண், குழி இருந்தா பெண். உம்ம கேமராப் பெட்டியிலே இருக்கறதும் ஆண். ஆணுக்கும் ஆணுக்கும் பாணிக்கிரகணம் பண்ணி வைக்கப் பார்த்திருக்கீர், அதுவும் சுத்தியாலே. பெருமாள் கிருபை, நம்மகிட்டே ஒரு பெண் இருக்கா. அழைச்சுண்டு போம்."

வலையை ஒழுங்காகப் பிரித்து ஓரத்தில் இறுக்கி, அவரே ரெண்டு முனைக்கும் மாட்டித் தந்தார். கேமராப் பெட்டிப் பக்கம் பெண், டிவிப் பக்கம் ஆண். பத்தாவதை ரெண்டு தடவை படித்தும் இதை ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

29.6.86 ஞாயிறு

எழுத்து கோணிப் போகிறது. சிரிப்பில்தான்.

காலையில் சுவரில் எக்கி நல்லுசாமியிடம் சந்தோஷமாகச் சொன்னேன்: "எல்லாம் ஸ்ரீரங்கத்துல பேசி முடிச்சாச்சு! உங்க வீட்டுல இருக்கிறது பொண்ணு. எங்க வீட்டு ஆணைச் சுவர் தாண்டி அனுப்புறேன். இன்னைக்கே சேர்த்து வச்சிருவோம்!"

"சேர்த்திரு, சேர்த்திரு," என்றான் அவன்.

எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வயதில் ஒரு ஆண் உண்டு, பையன் அமிர்தராஜ். அவர்கள் வீட்டில் டைப்ரைட்டிங் போகிற பெண் உண்டு, வள்ளிக்கண்ணு. எனக்கு ஞாபகம் வரவில்லை. கிணற்றடியில் நின்ற செல்வமேரிக்கு வந்தது. அடுப்படியில் நின்ற ராக்கம்மாளுக்கும் வந்தது.

வாளி விழுகிற சத்தம். இவள் சுவருக்கே வந்துவிட்டாள். அந்தப் பக்கம் அவள், கையில் கரண்டி.

"அக்கா, கேட்டீங்களா இந்த மனுசன் பேச்சை?"

"கேட்டேன் மேரி! உன்னையும் கேக்கல, என்னையும் கேக்கல. ரெண்டு கிழமும் சேர்ந்து முடிச்சிருச்சுங்க!"

"சுவர் தாண்டி அனுப்புறாராம்க்கா, எம் புள்ளை என்ன ஆடா?"

ஒரு மாசத்துக்கும் மேலாகப் பேசாத ரெண்டு பேரும் அக்கா, மேரி என்று ஒரே குரலில் எங்களைக் கிழித்தார்கள். நான் பின்னைத் தூக்கிக் காட்டினேன். "ஆண்! இது ஆண்!" என்றேன். அது விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. பின்கட்டிலிருந்து வந்த அமிர்தராஜ்தான் வயரைக் காட்டி விளக்கினான். விளக்கும்போது அவன் காது சிவந்திருந்தது. ஏன்?

சிரித்து முடித்த பிறகுதான் ரெண்டு பேருக்கும் தாங்கள் பேசுவதில்லை என்பது ஞாபகம் வந்தது. இருந்தாலும் செல்வமேரி அந்த வாசலை மிதித்தாள். "வேவு பார்க்கத்தான் வந்தேன்," என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள்.

டிவியில் சொருகினோம். கூண்டு தெரிந்தது! வைக்கோல், கம்பி, செவலை, எல்லாம் கண்ணாடி மாதிரி. ரெண்டு குடும்பமும் பாய் விரித்து ஒரு கோழியைப் பார்த்தது. கோழி எதுவும் செய்யவில்லை. ஞாயிறு சினிமாவைவிட வேகமாகத்தான் போனது என்றான் நல்லுசாமி. கடலை உருண்டை வந்தது.

அப்புறம் செவலை எழுந்தது. கீழே முட்டை. செல்வமேரி டிவியை ஒட்டி நகர்ந்தாள். செவலை இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. குனிந்து முட்டையை ஒரு கொத்துக் கொத்தி, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தது. முட்டை ஓட்டையும் கொத்தித் தின்றுவிட்டு வைக்கோலில் அலகைத் துடைத்தது.

ராக்கம்மாள் கடலை உருண்டைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மேரி," என்றாள் ராக்கம்மாள். "சுவர் ஏறலையே?"

செல்வமேரி எழுந்தாள். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

30.6.86 திங்கள்

பேசவில்லை. என்னோடும் இல்லை, கோழியோடும் இல்லை.

2.7.86 புதன்

கோழியை அறுத்துவிடலாம் என்றேன். அவளே கையால் பொரிக்க வைத்து வளர்த்தது. பார்த்த பார்வையில் நான் அறுபட்டேன்.

அந்த நேரம் சுவருக்கு மேலிருந்து ராக்கம்மாள் குரல் மட்டும் வந்தது, யாரையும் பார்க்காமல்: "முட்டை ஓட்டுக்குள்ள கடுகை அரைச்சு வச்சா எந்தக் கோழியும் திருந்தும்." இவளும் யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "எத்தனை கரண்டி?"

6.7.86 ஞாயிறு

செவலை திருந்திவிட்டது. வைக்கோலில் முழுசாக ஒரு முட்டை. செல்வமேரி அதை முந்தானையில் பொத்தி எடுத்துக்கொண்டு வாசல் வழியாகவே போனாள். நான் சுவரோரம் காதை வைத்தேன், தப்புத்தான்.

"அக்கா, ஆம்லெட் போடுங்க."

மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது.

20.7.86 ஞாயிறு

தைரியராஜ் துபாய்க்குத் திரும்புகிறான். கேமராவை எடுத்துப் பரணில் போட்டாச்சு. வயரையும் சுருட்டலாம் என்று ஏணியோடு போனேன். முடியவில்லை. வயரில் எங்கள் பக்கம் ராக்கம்மாள் சேலை காய்கிறது, அந்தப் பக்கம் என் பனியன்.