தக்காளிப் புழுவும் என் வீட்டுக் குளவியும்

6 பிப்ரவரி 1966, ஞாயிறு

பனியன் கம்பெனி லீவு. புழக்கடைத் தக்காளியில் மறுபடியும் பச்சைப் புழு. காயைக் குடைந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு கிடக்கிறது. பொறுக்கப் பொறுக்கத் தீரவில்லை. அவர் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த நாலு செடிதான். பேச ஆளில்லாமல் புழுவையே திட்டிக்கொண்டிருந்தேன்.

9 பிப்ரவரி

அடுப்படிச் சுவரில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. விளக்குமாற்றை எடுத்தேன். பக்கத்து வீட்டு மருதாள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒடச்சுப் போடாதீங்கக்கா. கொளவி கூடு கட்டுனா ஊட்டுல கொழந்த பொறக்கும்ங்கறாங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளையில்லை. மாமியார் கருப்பாத்தாள் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அவள் வீட்டை விட்டுவிட்டுத் தாலியறுத்தவள் வீட்டில் வந்து கட்டியிருக்கிறதே, இந்தக் குளவிக்குக் கண் அவிந்துபோச்சா?

10 பிப்ரவரி

மருதாளை அவள் மாமியார் அனுப்பிவிட்டால், "சாப்டீங்களாக்கா" என்று கேட்க இந்த லைன் வீட்டில் எனக்கு வேறு யார்?

11 பிப்ரவரி

செய்திருக்கக் கூடாது. கூட்டைப் பெயர்த்து அவள் வீட்டுச் சுவரில் ஒட்டிவிடலாம் என்று தோசைத் திருப்பியால் நெம்பினேன். பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. உள்ளே — அதே பச்சைப் புழு! சாகாமலும் நகர முடியாமலும் கிடந்தவற்றைக் குளவி அடுக்கி வைத்திருந்தது. தன் குஞ்சுக்குத் தீனி. நான் பொறுக்கி மாளாததை இது தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

மருதாள் எட்டிப் பார்த்தாள். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னையே திட்டிக்கொண்டேன்: ஏண்டி ஞானாம்பா, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?

17 பிப்ரவரி

குளவி திரும்ப வந்து அதே இடத்தில் கட்டுகிறது. புகை பட வேண்டாமென்று அடுப்பை வெளியே போட்டுச் சமைக்கிறேன். மருதாளிடம் சொன்னேன். "கட்டட்டுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

9 மார்ச்

புழு ரொம்பக் குறைந்துவிட்டது. பழம் பறித்து மருதாளுக்குக் கொண்டுபோனேன். கருப்பாத்தாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நல்ல காரியம் பேசிட்டிருக்கறமுங்க, அப்பறமா வாங்க." பையனுக்குத் தாராபுரத்துப் பெண்ணாம். பழத்தோடு திரும்பி வந்தேன்.

14 மார்ச்

மருதாள் தகரப் பெட்டியோடு வந்து நின்றாள். மூலனூரில் அண்ணன் சேர்த்துக்கொள்ள மாட்டானாம். "உங்ககூடக் கம்பெனிக்கு வரட்டுங்களாக்கா?"

"மொதல்ல உள்ள வா கண்ணு" என்றேன்.

குழம்புக்கு எவ்வளவு உப்பு போடுவதென்று தெரியவில்லை. ஒருத்திக்கு வைத்தே பழகிவிட்டது. கரித்துப் போனதை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.