போய்வரும் மனைவி

சாந்தோய் தீவு, பரோயே தீவுகள்
12 செப்டம்பர் 1974

அன்புள்ள ஹோல்கருக்கு,

கப்பல் ஒருவழியாக என்னைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. வழி முழுக்க வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நீ மாட்டுக்குப் பிரசவம் பார்க்கும்போது பக்கத்தில் நின்று காபி குடித்தவள் நான், கடலிடம் தோற்றுப்போனேன்.

மார்யுன் என்பவளுடைய வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். ஏறக்குறைய என் வயதுதான். உட்கார்ந்தாலும் நின்றாலும் கையில் பின்னல் ஊசி. அவள் புருஷன் ஹானுஸ் கிரீன்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். வந்த அன்றே அவள் என் பிழைப்பு என்னவென்று விசாரித்தாள். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று படிப்பதுதான் என்றேன். "அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? டென்மார்க்ல மனுஷங்க இல்லையா?" என்று கேட்டாள்.

பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். சொந்த ஊரில் நம் கண் சீக்கிரம் தூங்கிவிடும், அயலூரில்தான் விழித்திருக்கும் என்பார் அவர். இன்னொன்றும் சொல்வார்: 'எதற்கு' என்று யாரையும் கேட்காதீர்கள், கேட்டால் விருந்தாளிக்குப் பிடித்த மாதிரி ஒரு காரணத்தை உண்டாக்கித் தருவார்கள், யார், யாரோடு, எப்போது என்று மட்டும் பாருங்கள். அவர் சொன்னது சரிதான். ஆட்டிறைச்சியை உப்பே போடாமல் காற்றில் தொங்கவிடுவது எதற்கு என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள். மூன்றும் நன்றாகவே இருந்தன.

நீயும் செய்து பாரேன். அடுத்த முறை ஒரு பண்ணைக்குப் போகும்போது காபி மேசையில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்து எழுது. பிர்த்தெ கோபன்ஹேகனிலிருந்து போன் செய்தாளா? மகளாக இருந்தாலும் நாம்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது.

அன்புடன்,
இங்கெலிஸ்

---

லாங்கலான், டென்மார்க்
29 செப்டம்பர் 1974

அன்புள்ள இங்கெலிஸ்,

உன் கடிதம் கடலில் நீந்தி வந்தது போல நனைந்து வந்தது. நீ நலம் என்பதில் மகிழ்ச்சி. நான் மாட்டு வைத்தியன். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்க எனக்கு நேரமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் பார்த்துவிட்டேன். ராவ்ன் பண்ணையில் ஒரு கன்றை இழுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்தால், வழக்கம்போல ஜன்னலோர நாற்காலியை எனக்குக் காட்டினார்கள். இத்தனை வருடமாக அதில்தான் உட்காருகிறேன். வீட்டில் இத்தனை பேர் இருந்தும் அது எப்போதும் காலியாக இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. விசாரித்தேன். ராவ்னின் தகப்பனார் நாற்காலியாம். அவர் இறந்த பிறகு மகன்கள் இருவரில் யார் உட்கார்ந்தாலும் சண்டை வரும். அதனால் வெளியாள்தான் உட்காரலாம். நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! உன் படிப்பு கோமாரி மாதிரி, பக்கத்தில் இருப்பவனையும் பிடிக்கிறது.

பிர்த்தெ போன் செய்தாள். பணம் கேட்கவில்லை, அதனால் கவலையாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. ரொட்டிக்கடைக்காரர் மனைவி, அதுதான் விதவை தூரா, ஒரு சட்டி இறைச்சி உருண்டை கொண்டுவந்தாள். தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில் குட்டியார் வீட்டிலிருந்து சிவப்பு முட்டைகோஸ். இந்த ஊர் இவ்வளவு அன்பானது என்று எனக்குத் தெரியாது. இடுப்புவார் ஒரு துளை தள்ளிப் போய்விட்டது.

உன்
ஹோல்கர்

---

சாந்தோய்
20 அக்டோபர் 1974

அன்புள்ள ஹோல்கருக்கு,

உன் நாற்காலிக் கதையை மார்யுனுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஊசியிலிருந்து கண்ணிகள் நழுவிவிட்டன. பேராசிரியருக்கும் எழுதப்போகிறேன், உன் பெயரைப் போட்டு.

இங்கே ஆடு வெட்டும் காலம். ஊரே மலையில் ஏறி ஆடுகளை வளைத்துக்கொண்டு வருகிறது. இறைச்சி எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று பின்னாலேயே நடந்தேன். நான் வரைந்திருந்த உறவுப் படம் பாதி தப்பு. ரத்த உறவு என்று கோடு போட்ட இரண்டு வீடுகளுக்கிடையே ஒரு துண்டு இறைச்சிகூடப் போகவில்லை. உறவே இல்லாத கிழவர் ஒருவருக்கு ஒரு முழுத் தொடை போகிறது. வாயால் சொல்லும் சொந்தம் வேறு, கையால் கொடுக்கும் சொந்தம் வேறு. இதற்காகவே வந்தேன் என்று தோன்றியது. மழையில் நின்றுகொண்டே எழுதினேன்.

சரி, அந்த முட்டைகோஸ் விஷயம். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தேன், எனக்கு ஒருவரும் கோஸ் கொண்டுவந்ததில்லை. பிர்த்தெ பிறந்தபோதுகூட. வேறு எந்த வீடுகளுக்கு இப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்துச் சொல்வாயா?

அன்புடன்,
இங்கெலிஸ்

---

லாங்கலான்
10 நவம்பர் 1974

இங்கெலிஸ்,

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

செருப்பு தைக்கும் அக்செலுக்கு மனைவி இறந்தபோது கொண்டுபோனார்கள். படகு கவிழ்ந்து பையனை இழந்த மீனவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தூராவுக்கே, ரொட்டிக்கடைக்காரர் போனபோது. வேறு யாருக்கும் இல்லை. காய்ச்சலில் படுத்தவனுக்கு இல்லை, பிள்ளை பெற்றவளுக்கு இல்லை. எல்லாம் சாவு விழுந்த வீடுகள். இந்த ஊர் உன்னைப் புதைத்துவிட்டது. நான் உட்கார்ந்து உன் கருமாதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இதை எதற்குக் கொண்டுவருகிறீர்கள் என்று தூராவிடம் கேட்டேன். கேட்கக்கூடாது என்றாய், தெரியும். சும்மாதான் என்றாள். நான் நகரவில்லை. பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்த வயசுல ஒரு பொம்பள பெட்டியத் தூக்கிட்டுப் போனா திரும்பி வரமாட்டா, டாக்டர். ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

நீ திரும்பி வருவாய் என்று எனக்கே நிச்சயமில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

எதற்குப் போனாய் என்று கேட்கவில்லை. எது என்று மட்டும் கேட்கிறேன். வேலைக்குப் போயிருக்கிறாயா, என்னை விட்டுப் போயிருக்கிறாயா?

ஹோல்கர்

---

சாந்தோய்
30 நவம்பர் 1974

என் ஹோல்கர்,

உன் கடிதத்தைக் கடையிலேயே, தபால் பை பிரித்த இடத்திலேயே நின்று படித்தேன். கடையில் இருந்தவர்கள் எனக்கு வழிவிட்டு விலகினார்கள். இந்த ஊர் மக்களுக்கு முகம் படிக்கத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மார்யுனிடம் கேட்டேன்: ஹானுஸ் புறப்பட்டுப் போகும்போது ஊர் என்ன செய்யும்? கையை ஆட்டும் என்றாள். உனக்குச் சாப்பாடு கொண்டுவருவார்களா என்றேன்.

"எதுக்கு? அவர் என்ன செத்தா போயிட்டார்? போறார், வர்றார். கல்யாணம் ஆன நாளா இப்படித்தான். பாதி வருஷம் கடலுக்கு, பாதி வருஷம் எனக்கு."

அவர் வீட்டில் இருக்க, நீ போயிருந்தால் என்று கேட்டேன். ஊசிகள் நின்றுவிட்டன. இந்த வீட்டில் அவை நின்று நான் பார்த்ததில்லை.

"அப்படி எந்தப் பொம்பளையும் போனதில்ல," என்றாள். பின்னலை மடியில் வைத்துவிட்டு, "போனா என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரிஞ்சுக்கணும் போலிருக்கு," என்றாள்.

பார்த்தாயா ஹோல்கர்? அதே கடல், அதே கப்பல். ஆண் போனால் பிழைப்பு, பெண் போனால் சாவு. இங்கேயும் அப்படித்தான், லாங்கலானிலும் அப்படித்தான். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. உன் வேதனையிலிருந்து கண்டுபிடித்தேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். கப்பல் ஏறும்போது எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. நம் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை, ஏமாற்றியதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசினோம், பிர்த்தெயைப் பற்றிப் பேசினோம். அவள் போன பிறகு வானிலை மட்டும் மிஞ்சியது. எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் ராவ்ன் வீட்டு நாற்காலியைப் பற்றி எழுதிய மனிதனை நான் அந்த மேசையில் சந்தித்ததில்லை. அவனைச் சந்திக்க வேண்டும் என்று இருக்கிறது.

மார்ச்சில் வருகிறேன். பேராசிரியர் செப்டம்பரில் மறுபடி இந்தத் தீவுக்குப் போகச் சொல்கிறார், போவேன். அதற்கடுத்த வருடமும் போவேன் என்று நினைக்கிறேன். போய்வரும் மனைவியாக இருக்க எனக்கு ஆசை. அப்படி ஒருத்திக்குப் புருஷனாக இருக்க உனக்குச் சம்மதமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். அவசரமில்லை என்று எழுதப் பார்த்தேன். அவசரம்தான்.

இங்கெலிஸ்

---

சாந்தோய்
14 ஜனவரி 1975

அன்புள்ள ஹோல்கருக்கு,

கிறிஸ்துமஸுக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. புயலில் கப்பல் வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன். பிறகு கப்பல் வந்தது.

ஹானுஸ் வீட்டில் இருக்கிறார். அமைதியான ஆள். வந்த முதல் வாரம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சொந்த வீட்டிலேயே தடுமாறினார். திரும்பி வருவதும் சுலபமில்லை போலிருக்கிறது.

நலமாக இருக்கிறாயா என்று ஒரு வரி போதும்.

இங்கெலிஸ்

---

லாங்கலான்
11 பிப்ரவரி 1975

அன்புள்ள இங்கெலிஸ்,

நலமாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். எழுதினேன், கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் அவ்வளவு பெருந்தன்மையாக இருந்தேன், படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நாள்.

கிறிஸ்துமஸுக்கு பிர்த்தெ வந்தாள். உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். "அம்மா பேசாம இருந்த வருஷமெல்லாம் உங்களுக்கு அது பேச்சுன்னு தோணலையாப்பா?" என்று கேட்டாள். படிக்கப் போனது நீ; அடி வாங்குவது நான்.

போன ஞாயிறு ஊர்மன்றத்தில் தவக்காலத்துக்கு முந்தைய விருந்து. வழக்கம்போலத் தொங்கவிட்ட மிட்டாய்ப் பீப்பாயைப் பிள்ளைகள் அடித்து உடைத்து முடித்த பிறகு, எல்லோரும் காபிக்கு உட்கார்ந்திருந்தோம். கோயில் குட்டியார் சத்தமாக, இங்கெலிஸிடமிருந்து ஏதாவது சேதி உண்டா என்று கேட்டார். செத்தவளைப் பற்றிக் கேட்கும் குரலில் கேட்டார். நான் எழுந்து நின்றேன். நான் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியதில்லை, உனக்குத் தெரியும்.

"என் மனைவி பரோயேல வேலை பாக்கறா," என்றேன். "மார்ச்ல வருவா. செப்டம்பர்ல மறுபடி போவா. அப்புறமும் வருவா."

முதலில் அக்செல்தான் பேசினான். "போனவங்க திரும்பி வர்றாங்களா? அப்ப உன்பாடு தேவலாம்," என்றான். அவன் கேலி செய்யவில்லை. தூரா மூக்கைச் சிந்திக்கொண்டு, எனக்கு இன்னொரு பன் எடுத்து வைத்தாள். அது எந்தக் கணக்கில் சேரும் என்று நீ வந்து சொல்.

என் பதில் அதுதான். சபை நடுவே சொல்லிவிட்டேன், இனி வாபஸ் வாங்க முடியாது. செப்டம்பரில் நீ பெட்டி கட்டும்போது எனக்குப் பிடிக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பெட்டியைக் காரில் ஏற்றுவேன்.

மார்ச்சில் கூட்டுறவுக் கடை எதிரில் பஸ் வந்து நிற்கும்போது நான் அங்கே இருப்பேன். அந்த நேரத்தில் கடையில் பாதி ஊர் நிற்கும். எல்லோர் முன்னாலும் உன்னை முத்தமிடப்போகிறேன். ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை நீ கவனித்துக்கொள். எனக்கு வேறு வேலை இருக்கும்.

உன்
ஹோல்கர்