பழகிப்போன காது

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா சொல்ல, உன் தங்கை எழுதுகிறேன். நீ சுகமாயிருந்தால் எங்களுக்குப் பாதி சுகம். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலையிடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று அப்பா முதலில் எழுதச் சொன்னார். அம்மா சலவைக் கடை வேலைக்குப் போயிருக்கிறாள், இடுப்புவலி பரவாயில்லை.

அப்பாவின் நடை தேறியிருக்கிறது. காலை அகட்டி வைத்துச் சுவரோரமாக நகர்ந்தவர் இப்போது சுவரில் அடித்த கம்பியைப் பிடிக்காமல் அறையின் குறுக்கே வருகிறார், திரும்பும்போதுதான் தள்ளாடுகிறார். ஊசியில் நூல் கோத்த கைக்கு இப்போது வாய்க்குள் சோறு கோக்கத் தெரியவில்லை என்று அவரே கேலி செய்துகொள்கிறார். பேச்சுதான் கவலை. சிறுமூளையில் வந்த கோளாறு கைகாலோடு நாக்கையும் பிடித்துக்கொண்டதே, அது இன்னும் விடவில்லை. வரும் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பேச்சுக்குச் சோதனை. முன்னேற்றம் தெரியாவிட்டால் பயிற்சியை நிறுத்தி, காத்திருக்கிற வேறொருவருக்கு அந்த நேரத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

போன மாதமே ஒரு சோதனை நடந்தது, உனக்கு எழுதவில்லை. வீட்டில் தினமும் ஒரே பத்தியை வாசித்துப் பழகினோம். எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியதால் தைரியமாகப் போனோம். அங்கே அப்பாவை ஓர் அறையில் வாசிக்கவைத்து, அடுத்த அறையில் அவரை அறியாத ஒரு பெண்ணைக் கேட்டு எழுதவைத்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பாதிகூடப் புரியவில்லை. பத்தி எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது என்பது எங்கள் மூவருக்கும் உறைக்கவே இல்லை. பயிற்சி தருகிற அக்கா திட்டவில்லை, "உங்க காதுதான் பழகியிருக்கு, அவர் நாக்கு இன்னும் பழகல" என்றார். இனி வெளியில் அவருக்காக நான் பேசக்கூடாது, ஒவ்வொரு சொல்லுக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டி அவரே நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். எத்தனை பேருக்குச் சட்டை தைக்க அளவெடுத்தவன், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டவா என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று மளிகைக் கடைக்குப் போனோம். அப்பா தட்டாமல்தான் கேட்டார், எல்லாம் ஒன்றாய்க் குழறியது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "என்னய்யா, காலையிலேயே ஏத்திட்டியா?" என்றார், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பிறர் முன்னால் வாய் வராது, உனக்குத் தெரியும். பள்ளியை விட்டபின் அப்பாவுக்காகப் பேசும்போது மட்டும்தான் வந்தது. அதுவும் கூடாதென்றால் நான் என்ன செய்வேன். அப்பா கல்லாப் பலகையில் விரலை வைத்தார். விரல் இடம் தவறித் தவறி விழுந்தது. தட்டித் தட்டி, "குடிக்கல. நோய். அரை கிலோ சர்க்கரை" என்றார். கடைக்காரர் சர்க்கரையை நிறுத்துக் கொடுத்து, தப்பா நினைச்சுக்காதீங்க மாஸ்டர் என்றார். வீடு வரும்வரை அப்பா என் தோளைப் பிடிக்கவில்லை.

கடைக்காரருக்கு அந்த மூன்று வாக்கியம் போதும், திங்கட்கிழமைக்குப் போதாது. வீட்டில் அவர் பேச்சுக்குப் பழகாத காது உன்னுடையதுதான், அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போன் பண்ணு. அப்பா பேச ஆரம்பித்ததுமே தங்கச்சிகிட்ட குடுங்கப்பா என்கிறாய். அதில் அவருக்குக் கோபமில்லை என்று எழுதச் சொல்கிறார், கோபம்தான். இந்த முறை போனை வாங்கமாட்டேன், நான் மாடிக்குப் போய்விடுவேன். புரியாவிட்டால் புரியவில்லை என்று அவரிடமே சொல், மறுபடி தட்டிச் சொல்வார். அவசரப்பட்டு நீயாக முடித்துவிடாதே. அவர் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டுமாம். அது என்ன என்று எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார், எழுதப்போனபோது பேனாவைப் பிடித்துக்கொண்டார். அதனால் எழுதவில்லை. அவர் வாயாலேயே கேட்டுக்கொள்.

நீ நீடூழி வாழ, எடுத்த காரியம் கைகூட அப்பா அம்மாவின் ஆசி. ஞாயிறு மறக்காதே. கீழே கோணலாக இருப்பது அப்பா தாமே போட்ட கையெழுத்து.

உன் அப்பா,
அவருக்காக எழுதிய தங்கை