செவலையின் வயிறு

ஆகஸ்ட் 19

கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளில் பாதி முடிந்தது. மீதிக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் மினி லாரியிலிருந்து ஒரு குதிரையை இறக்கிக்கொண்டிருக்கிறார். அந்தியூர்ச் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர்!

"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடலாம் செல்வி. திண்டுக்கல் பூராம் குதிரைக்கு அலையுறாய்ங்க."

நான் திரும்பிப் போய்க் கத்தரியை எடுத்துக்கொண்டேன். மார்ச்சுக்குப் பிறகு இந்த வீட்டில் யார் யாரிடம் என்ன பேசினோம், இன்று பேச?

பெண் குதிரை. செவலை நிறம். முதலில் குதிரை இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அதன் வயிறு இறங்கியது.

ஆகஸ்ட் 22

பக்கத்து வீட்டு சோலையம்மாக்கா குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஏ அப்பு ஸ்டான்லி, இது சினையால்ல இருக்கு! வித்தவன் சொல்லலையா?"

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை மாதமாகக் கூனிக்கொண்டு திரிந்த ஆள் நிமிர்ந்து நின்றார்.

"சினையுமில்ல ஒண்ணுமில்ல. தின்னு கொழுத்திருக்கு" என்றேன். வெடுக்கென்று சொன்னேன். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30

பருத்திக்கொட்டை ஊறுகிறது. புண்ணாக்கு ஊறுகிறது. கஞ்சி தனி வாளியில். சோலையம்மாக்காவின் பசு சினையாக இருந்தபோது என்னவெல்லாம் வைத்தார்களோ அத்தனையும் இங்கே வந்துவிட்டது. பேகம்பூரிலிருந்து ருக்ஸார் வந்திருந்தாள். தையல் வகுப்பில் என்னோடு படித்தவள். தம்பி நிக்காஹுக்குக் குதிரை வேண்டுமாம். "சினைக் குதிரை மேல ஆளை ஏத்த மாட்டேம்மா" என்று அவளை இவர் அனுப்பிவிட்டார்.

சண்டை போட்டேன். வாயைத் திறக்கவில்லை மனிதர்.

மார்ச்சுல எனக்கு ஏழு மாசத்துல வயித்துக்குள்ளேயே துடிப்பு நின்னப்பவும் இப்படித்தான் நின்னாரு. அமலின்னு முன்கூட்டியே பேரு வச்சது இவருதான். துணியில சுத்திக் குடுத்ததை வாங்கிட்டுப் போயி, கல்லறைத் தோட்டத்துல வச்சிட்டு வந்தாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. அதுக்கப்புறம் அந்தப் பேரை வாயில எடுத்ததில்ல. குதிரைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டத் தெரியுது!

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள் பூசைக்குப் போய் வந்தோம். வந்ததும் சேணத்தைப் போட்டுப் பார்த்தார். வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற வார் எட்டவில்லை. போன வாரம் கடைசி ஓட்டையில் மாட்டியது.

"பாத்தியா?" என்றார். குதிரை வந்த நாளுக்குப் பிறகு என்னிடம் தானாகப் பேசிய பேச்சு.

எனக்கும் வளர்கிற மாதிரித்தான் தெரிகிறது. தின்பதும் அப்படித்தான் தின்கிறது.

செப்டம்பர் 15

சோலையம்மாக்கா சொன்ன வழி: காலையில் பானைத் தண்ணீர் காட்டிவிட்டு விலாவுக்குக் கீழே கையை வைத்தால், குளிருக்குக் குட்டி உதைக்கும். வீட்டுக்காரர் தவிடு வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து வைத்துப் பார்த்தேன். சும்மாதான். பொய்யென்று காட்ட வேண்டும் என்றுதான்.

செத்த நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையில் ஏதோ முட்டியது.

கையை எடுக்கவே மனசு வரவில்லை. குதிரை திரும்பி என் தலைமுடியை மோந்து பார்த்தது. யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 16

இன்றும் அசைந்தது.

செப்டம்பர் 29

தெருப் பெண்கள் சேர்ந்து செவலைக்கு வளைகாப்பு வைத்துவிட்டார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, வெஞ்சனம், எதிலும் குறை இல்லை. எலுமிச்சைச் சோற்றை நம்மாள் தட்டோடு கவ்விக்கொண்டது. எத்தனை மாதம் கழித்துச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

"கழுத்துல கட்ட நாலு வளையல் இருந்தா நல்லாருக்கும்" என்றார் சோலையம்மாக்கா.

உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். எனக்கென்று வாங்கி, பிரிக்காமலே இருந்த வளையல் பெட்டி. பச்சையும் சிவப்பும். நூலில் கோத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். வீட்டுக்காரர் கொட்டகை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

நல்லபடியாகப் பிறக்கட்டும், மாதாவே. இது ஒன்றாவது.

அக்டோபர் 10

பழனியில் வண்டிக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவை அழைத்து வந்தார். நீளமான உறையை மாட்டிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். நான் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றேன்.

"சினை இல்லைங்க."

"அசையுதுங்களே டாக்டர்" — கேட்டது நான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அது குடலுங்க. ஏனுங்க, என்ன தீனி வைக்கிறீங்க?"

அவர் ஒன்றொன்றாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். "இதெல்லாம் சினை மாட்டுக்கு வைக்கிறதுங்க. வரும்போதே குண்டா வந்திருக்கும், நீங்க இன்னும் ஏத்திட்டீங்க. இனிமே புல்லு போதும். தெனமும் நடக்க வைங்க."

இவர் டாக்டரம்மாவுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார், துண்டு கொடுத்தார், பஸ் ஏற்றிவிட்டு வந்தார். எல்லாம் முறையாகச் செய்தார். வந்து கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டார்.

நான் அன்னைக்கே சொன்னேன்ல — இதைச் சொல்லிக் காட்டத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்? வாயில வரலியே. எனக்கு ஏன் இப்படி அழுகை வருது? ஒரு குதிரைக்காகவா?

அக்டோபர் 11

அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. செவலை மட்டும் புல்லைத் தின்றுவிட்டு வாளியைத் தேடியது.

அக்டோபர் 12

நடக்கக் கூட்டிப் போவதற்கு முன் செவலையின் கழுத்து வளையலை அவிழ்த்தார். ஒன்று உடைந்துவிட்டது. அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

"நம்ம அமலிக்கு வளைகாப்புன்னு வாங்குனதுல்ல, செல்வி."

சொல்லிவிட்டார். அந்தப் பேரை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எம்புட்டு லேசா இருந்துச்சு தெரியுமா. கல்லறைத் தோட்டம் வரைக்கும் கை ஆடாம நடந்தேன். முழிச்சிருமோன்னு. எனக்குத் தெரியும், முழிக்காதுன்னு. இருந்தாலும் மெதுவாவே நடந்தேன்."

அழுதார். குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கல்லு மனசுக்காரர் என்று எத்தனை பக்கம் இந்த டைரியில் எழுதியிருக்கிறேன்! அந்தப் பக்கங்களைக் கிழிக்கப் போவதில்லை. ஆனால் இனி அப்படி எழுத மாட்டேன்.

அக்டோபர் 21

தினமும் காலையில் மூன்று பேரும் நடக்கிறோம். குளத்துக்கரை வரை போய் வருவதற்குள் செவலைக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கும்தான். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் டாக்டர் சொல்லிருக்காங்க" என்றார். கிண்டல் திரும்பி வந்துவிட்டது. வார் கடைசி ஓட்டையில் மாட்டுகிறது. ருக்ஸாரிடம் சொல்லிவிட்டேன், தம்பிக்குக் குதிரை உண்டு.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம், அமலியை வைத்த இடத்துக்குப் போனோம், முதல்முறையாக, இரண்டு பேருமாக. நேற்றே அவர் வந்து புல்லைச் செதுக்கி, ஒரு சின்னச் சிலுவை நட்டு, வெள்ளையடித்து, பேர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எழுத்துக் கோணல்தான். நான் செவ்வந்தி மாலையைப் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நடைக்கு என்று கூட்டி வந்த செவலையை வாசல் மரத்தில் கட்டியிருந்தார். எப்படி அவிழ்த்ததோ தெரியவில்லை. நாங்கள் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நுழைத்து மாலையைக் கடித்துவிட்டது.

"ஏய் செவலை! அமலிக்கு வச்சதை விடு! அமலியோடது அது!" கத்தியது நான்.

கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்த்தது. யாரோ பக்கத்தில், "யாரு அமலி?" என்று கேட்டார்கள்.

"எங்க மக" என்றார் அவர்.

செவலை தின்றது போக மீதி மாலையைச் சிலுவையில் மறுபடி மாட்டினேன். கொஞ்சம் கட்டையாகத்தான் இருந்தது.