சுத்தமாக அழிக்கும் புதுக் கேமரா

எனக்குப் பின்னாலேயே நடந்த என் அண்ணிக்கு,

வணக்கம் என்று எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு நான் என்றைக்கு வணக்கம் சொன்னேன்? "இன்னா அண்ணி, டீ போட்டாச்சா?" என்றுதான் நம் பொழுது விடியும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் முழுக்கச் சேறு. அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்தார், திரும்பியும் போய்விட்டார். அவர் இங்கே இருந்தபோது நடந்ததை உங்களிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடமாவது சொன்னால் என்னைப் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நம் கேமராவை விற்றுவிட்டேன் அண்ணி. காஞ்சிபுரத்து ஸ்டுடியோக்காரர் வாங்கிக்கொண்டார். கோபப்படாமல் மீதியையும் கேளுங்கள்.

அண்ணன் முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்து நம்மிடம் விட்டுப்போன கேமரா அது. வல்லக்கோட்டைக் கோயிலில் யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்தை விளையாட்டாக எடுத்தீர்கள். பிறகு ஊர் ஊராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வயசுக்கு வந்த பெண்ணை அலங்காரம் செய்யும் அறைக்குள் ஆம்பளை வீடியோக்காரனை விட யாருக்கும் மனமில்லை. நாம் இரண்டு பேரும் பெண்கள். மாமியார் வீட்டிலிருந்து பையோடு திரும்பிவந்து மூலையில் கிடந்த என் தோளில் அந்தக் கேமராவை ஏற்றியவர் நீங்கள். "நீ இத்தப் புடி மல்லி. நான் லைட்டப் புடிக்கிறேன்."

சீர்த்தட்டு ஏந்திப் பெண்கள் வரும்போது அவர்களைப் படம் பிடித்துக்கொண்டே நான் பின்னோக்கி நடக்க வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு கையில் லைட்டும் இன்னொரு கையில் என் இடுப்புச் சேலையுமாக, "படி கீது, பாத்து," "இந்தாண்ட வா" என்று சொல்லிக்கொண்டே வருவீர்கள். கேமரா அதையும் பதிந்துகொள்ளும். எடுத்த கேசட்டிலிருந்து புதுக் கேசட்டுக்குக் காப்பி போடும்போது அந்த இடங்களில் சினிமாப் பாட்டை வைத்து மறைத்துவிடுவோம். எடுத்த பழைய கேசட்டின் மேலேயே அடுத்த விசேஷத்தையும் எடுப்போம்.

லைட் பிடிப்பவர் படத்தில் விழுவதே இல்லை. நம் வீட்டில் அத்தனை கேசட் இருந்தும் உங்கள் முகம் எதிலும் இல்லை அண்ணி. ஒரே ஒரு தடவை விழுந்தீர்கள். மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு, அண்ணனால் வந்து சேர முடியாது என்று தெரிந்ததும், பங்காளிகள் என்னிடம் வந்து, "அவன் பாக்கணும்மா. நீயே எடுத்துடு" என்றார்கள். எடுத்தேன். நல்ல வெயில், லைட்டே வேண்டியிருக்கவில்லை. அவர்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு முன்னே வர, நான் பின்னோக்கி நடந்தேன். என் சேலையைப் பிடிக்க யாருமில்லை.

அடுத்து வந்த வேலை செல்வி என்ற பெண்ணின் மஞ்சள் நீராட்டு. ஒரகடம் பக்கம். நாம் இரண்டு பேரும் அதுவரை போகாத ஊர், பார்க்காத வீடு. லைட்டைப் பந்தல் காலில் கட்டிவிட்டுத் தனியாகவே எடுத்தேன். தாய்மாமன் வீட்டார் மேளத்தோடு தட்டுகளை ஏந்தி வந்தார்கள். பின்னோக்கி நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது. தட்டு தூக்கி வந்தவர்கள் என்மேல் இடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தால், காலடியில் தென்னங்கீற்று போட்டு மூடிய பெரிய குழி. செப்டிக் டேங்குக்காகத் தோண்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே கருங்கல் குவியல். "முருகா, தப்பிச்சியேம்மா" என்று ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வழக்கம்போல் சீர்த்தட்டு வரும் இடத்தில் மட்டும் பாட்டு வைத்து, மீதியைக் கேட்டுப் பார்க்காமலே காப்பி போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அண்ணன் வந்து சேர்ந்தார். வந்ததும் உங்கள் படத்தின் முன்னால் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. மறுநாள், பேச வேறு எதுவும் கிடைக்காமலோ என்னவோ, பெட்டியிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். நம் கேமராவின் புது மாடல். துபாயில் அவரோடு ஒரே ரூமில் இருப்பவர் ஊருக்கு வரப்போகிறார், சொன்னால் வாங்கிக்கொண்டு வருவார்.

நான் தாளையும் நம் கேமராவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே லென்ஸ், அதே பேட்டரி, அதே கனம். பக்கவாட்டில் இருந்த சிவப்புக் கோடு நீலமாகியிருந்தது.

"இதுல புச்சா இன்னாதாண்ணா கீது?"

"அழிக்கிற ஹெட்டு புதுசு. பழசச் சுத்தமா அழிச்சிட்டுத்தான் புதுசப் பதியும். நம்மளதுல ஒரு ஷாட்டு முடிஞ்சி இன்னொண்ணு வரச்சொல்ல கலர் கலரா ஓடுதில்ல? இதுல அது வராது."

"இம்மாத்தூண்டு மாத்தத்துக்கா இன்னொரு கேமரா? வேணாம்ணா, இதுவே நல்லாத்தான் ஓடுது."

அவரும் தாளை மடித்து வைத்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்திருக்கும். அன்றைக்கே மத்தியானம் செல்வியின் அம்மா கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"இதுல எங்க பொண்ணு பேரச் சொல்லிக் கூப்புடறது யாரும்மா? அன்னிக்கு நீ ஒண்டியாத்தான வந்த?"

டெக்கில் போட்டோம். அலங்கார அறை. செல்விக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாதஸ்வரம் ஓயும் இடத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "செல்வி, இங்க பாரு கண்ணு."

உங்கள் குரல் அண்ணி. அண்ணன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர்தான் அந்த அம்மாவுக்கு விளக்கம் சொன்னார். நான் எடுத்த கேசட் பழையது, கேமராவில் அழிக்கும் ஹெட் தேய்ந்திருக்கும், முன்பு எப்போதோ வேறொரு விசேஷத்தில் வேறொரு செல்வியைக் கூப்பிட்டது அழியாமல் நின்றுவிட்டது. நியாயமான பேச்சுதான். செல்வி என்ற பெயர் இல்லாத தெரு உண்டா? அந்த அம்மா பாதி நம்பினாள். பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அவங்க செத்துட்டாங்களா?"

"ஆமாம்மா."

"இங்க பாருன்னு சொல்றாங்களே. நான் எங்கக்கா பாக்கணும்?"

கண்ணாடி முன்னால் நின்று தலை வாரவே பயமாக இருக்கிறது என்றாள். கூப்பிடும்போது பார்க்காவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று மெல்லக் கேட்டாள். நீங்கள் அந்தக் குழந்தையைப் பார்த்திருந்தால் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேசட் முழுக்கப் பாட்டு வைத்து வேறு காப்பி தருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். அதற்காக நான் எடுத்த மூலக் கேசட்டை அண்ணன் ஓடவிட்டார். சீர்த்தட்டுக்காரர்கள் வருகிறார்கள். மேளம். அதற்கு நடுவே, தாழ்ந்த குரலில், ஆனால் தெளிவாக, "மல்லி, நில்லு. பள்ளம்." அந்தச் சொல் முடிந்ததும் படம் குலுங்கி நிற்கிறது.

"இதுவும் பழசாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இருக்கலாம். நீங்கள் எத்தனை வாசலில் எத்தனை பள்ளத்துக்கு என்னை நிறுத்தியிருக்கிறீர்கள்! அதில் ஒன்று அழியாமல் தங்கியிருக்கலாம். ஆனால் அது ஏன் அந்த இடத்தில், அந்தக் குழிக்கு ஓரடி முன்னால் தங்கியது? அன்றைக்கு நான் எதையும் கேட்டதாக நினைவில்லை அண்ணி. கேட்காமலா நின்றேன்?

அதன்பிறகு அண்ணன் அந்தக் கேசட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ஓட்டுவார், திருப்புவார், மறுபடி ஓட்டுவார். சோறு ஆறிப்போகும். ஒருநாள் பகலில் நான் துணி எடுக்க உள்ளே போனேன். அவர் அறைக்கு நடுவில் ஒரு காலைத் தூக்கிய வாக்கில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். டிவியில் நீங்கள் "நில்லு" என்று சொல்லி முடித்திருந்தீர்கள். நான் தொட்டு உலுக்கிய பிறகுதான் காலைத் தரையில் ஊன்றினார்.

அன்றைக்குத்தான் சொன்னேன். "அண்ணா, போன் பூத்துக்குப் போயி அந்தப் புது மாடலக் கொண்டாரச் சொல்லு."

"வேணாம்னியே?"

"இப்ப வேணும்."

"பழசச் சுத்தமா அழிச்சிடும் மல்லி."

"அதுக்காகத்தான் கேக்கறேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ குரலு இதுல மட்டும்தான் கீது. வேற எங்க போயி கேப்பேன்?"

"இந்தக் கேசட்ட நீ எடுத்துக்கினு போ. உன் பொண்டாட்டி குரலு உனுக்கு வேணும், இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு இன்னொருத்தர் வூட்டுப் பொண்ணு வந்து, நான் எங்கக்கா பாக்கணும்னு கேட்டா, நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அந்தக் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்தார். இனி அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. சட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு பூத்துக்குப் புறப்பட்டார்.

நான் செய்தது சரியா அண்ணி? பழைய கேமராவில் ஹெட்டை மட்டும் மாற்றியிருக்கலாம் என்று காஞ்சிபுரத்துக்காரரே சொன்னார். ஆனால் அதைத் தோளில் வைக்கும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றிருப்பேன். மணப்பெண்ணைப் பார்க்காமல் உங்களைத் தேடியிருப்பேன். அந்த ஸ்டுடியோக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அதில் ஏதாவது குரல் கேட்கிறதா என்று. ஒன்றுமே கேட்கவில்லையாம்.

போன வெள்ளிக்கிழமை புதுக் கேமராவோடு முதல் வேலை. வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வளைகாப்பு. பகல் விசேஷம், மழை விட்டு வெயில் அடித்ததால் லைட்டே எடுத்துப் போகவில்லை. பிரிக்காத புதுக் கேசட் போட்டிருந்தேன். தெருமுனையிலிருந்து வளையல் தட்டுகள் வர, பின்னோக்கி நடந்தே வீடு வரை வந்தேன். எங்கேயும் இடறவில்லை.

பந்தியில் அந்த வீட்டு அம்மா என்னை உட்காரவைத்துப் பக்கத்திலும் ஓர் இலை போட்டாள்.

"அந்தம்மா எங்க? கூப்புடு, சேந்து சாப்புடட்டும்."

"எந்தம்மாங்க?"

"உன் பின்னாடியே வந்தாங்களே. அவங்கள ஒரு வாய் காப்பி குடின்னுகூட யாரும் சொல்லல. தப்பா எடுத்துக்கப் போறாங்க."

விசேஷ வீட்டில் யார் பின்னால் யார் நடந்தார்களோ. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் மட்டும், "வருவாங்க" என்றது. அவள் இரண்டு இலையிலும் பரிமாறிவிட்டுப் போனாள். நான் சாப்பிட்டு எழும்வரை பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எழுந்து, குடத்துத் தண்ணீரில் கை கழுவிவிட்டுத் திரும்பினேன். அந்த இலை மூடியிருந்தது. சாப்பிட்டவர் பக்கமாக மடித்து, உறவு நீடிக்கட்டும் என்று மூடுவதுபோல.

வீட்டுக்கு வந்து கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு சொல் இல்லை.

இனிமேல் உங்களைக் கேசட்டில் தேட மாட்டேன் அண்ணி. இது சத்தியம். தை பிறந்ததும் லைட் பிடிக்கக் கஸ்தூரி என்ற பெண் என்னோடு வரப்போகிறாள். அப்போது போகிற வீட்டிலெல்லாம் மூன்று பேர் என்றே சொல்லிவிடுகிறேன். வந்தால் பசியோடு திரும்பாதீர்கள்.

உங்களை விட்டால் வேறு யாரையும் அண்ணி என்று கூப்பிட்டுப் பழகாத
உங்கள் நாத்தனார்,
மல்லி