அடைத்த குழாயும் அறுக்காத கட்டியும்

அனுப்புநர்:
வெள்ளைக் கோட்டு தைக்கும் தையல்காரி,
சீருடைக் கடை மாடி, பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: மூக்கிலுள்ள ரத்தக்குழாய்க் கட்டி – குழாய் அடைப்பையும் அறுவை சிகிச்சையையும் அடுத்தடுத்த நாள்களில் வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் இடது மூக்கில் ரத்தக்குழாய்களால் ஆன கட்டி இருக்கிறது. புற்று அல்ல, சாதுவானது என்று தங்கள் மருத்துவர்கள் உறுதி செய்துள்ளனர். அந்தச் சாது, தைத்து முடித்த கோட்டுகளைப் பலமுறை ரத்தத்தில் நனைத்துவிட்டதால், முதலாளியம்மா என்னை வெள்ளைத் துணிப் பக்கமே விடுவதில்லை.

2. முதலில் பார்த்த இளம் மருத்துவர், சாதாரணச் சதை வளர்ச்சி என்று நினைத்து, பரிசோதனைக்கு ஒரு துணுக்கு கிள்ளினார். பிறகு நடந்ததை அவரே தங்களிடம் சொல்லியிருப்பார், சட்டை மாற்றிக்கொண்டு. ஸ்கேன் எடுக்காமல் இவ்வகைக் கட்டியைக் கிள்ளக் கூடாது என்று பரிசோதனை முடிவில் எழுதியிருந்தது. கிள்ளியதால்தானே தெரிந்தது என்று ஆறுதல் சொன்னார். நல்ல பிள்ளை.

3. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை முதலில் அடைத்து, ஓரிரு நாளில் கட்டியை அறுத்தெடுப்பதே முறையாம். தாமதித்தால் ரத்தம் வேறு வழி பிடித்துவிடுமாம். ஸ்கேன் துறையினர் சொன்ன நாளில் அருமையாக அடைத்தார்கள். அறுவைத் துறை அடுத்த மாதம் வரச் சொன்னது. "அடைச்சாச்சுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார்கள் அறுவைத் துறையில். "அவங்க கேக்கவே இல்லையே" என்றார்கள் ஸ்கேன் துறையில். இரண்டும் எதிரெதிர் அறைகள்.

4. ரத்தம் வேறு வழி பிடித்துவிட்டது. இப்போது மறுபடி அடைக்க வரும் வியாழக்கிழமையும், அறுக்க அதற்கு அடுத்த மாதமும் குறித்திருக்கிறார்கள். "சாதுவான கட்டிதானே, என்ன அவசரம்?" என்கிறார் தேதி போடுபவர். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. போன வாரம் ரத்தம் கொட்டி மயங்கி விழுந்ததை என் மகள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து சித்தி வீட்டில் தூங்குகிறாள். கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள்.

ஆகவே, வெள்ளிக்கிழமையே அறுவை சிகிச்சை நடக்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இரு துறைகளும் பேசிக்கொள்ளத் தோதுப்படாவிட்டால், குழாயை அடைத்த கையோடு என்னை எதிர் அறை வாசலில் படுக்க வைக்க மட்டுமாவது உத்தரவிடுங்கள். மறுநாள் காலையில் அவர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

நாள்: வியாழனுக்கு முந்தைய திங்கள்
இடம்: கடை மாடி

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையல்காரி